வாய் திறந்தவள்

மோதெனாவில், மீன்சந்தைக்குப் பின்னால்,
மாயெஸ்த்ரோ ஜெமினியானோவின் கொட்டகையில்
பதினோரு நாள் வாயைத் திறந்தபடி நின்றேன்.
நாளுக்கு இரண்டு சோல்தி கூலி,
ஒரு படி மொச்சை.
துணி வெளுக்கிறவளுக்கு அது குறைவில்லை.
கால் நனையாமல் வருகிற காசு.

"அழு" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"செத்த பிள்ளையை நினை."
பிள்ளையே இல்லை என்றேன்.
"புருஷன்?"
குத்துக்கல்லாட்டம் இருக்கிறான்,
கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டு.
மனிதர் யோசித்தார்.
பிறகு, நான் துவைத்து மடித்து வைத்திருந்த
பிஷப் வீட்டு மேசைவிரிப்பைக் காட்டி
சூளைப் பையனிடம் கண்ணசைத்தார்.
அவன் அதை எடுத்துச் சேற்றில் போட்டான்.

நான் கத்திய கத்தலில்
சந்தைப் பூனைகள் சிதறி ஓடின.
"அப்படியே நில்! அசையாதே!"
இப்படிக் கிடைத்ததுதான்
மகதலா மரியாவின் துக்கம்.

செக்கியா ஆற்று மண்.
பனிக்காலத்தில் வெட்டி, புளிக்கப் போட்டு,
மிதித்து, கல் பொறுக்கி,
மறுபடி மிதித்து.
அவர் கை காய்ந்து நான் பார்த்ததில்லை.
கடன்காரர், பிடிவாதக்காரர்.
ரொட்டியைக் கடிப்பதற்குமுன் விரலால் பிசைவார்,
பல நாள் அதற்கு மூக்கு முளைத்துவிடும்.
பளிங்கில் வேலை செய்கிறவர்கள் பேச்சை எடுத்தால்
"அவர்கள் கழித்துக்கொண்டே போகிறார்கள்,
நான் கூட்டிக்கொண்டே போகிறேன்" என்பார்.
பொறாமைதான், வேறென்ன.

சபைப் பொருளாளர் செர் அல்தோப்ராந்தினோ வந்தார்.
பணம் கொடுத்தவர்.
அரிமத்தியா சூசைக்குத் தன் முகம் வேண்டும்,
மருவை மட்டும் விட்டுவிடலாம் என்றார்.
மரு இருக்கிறது.
உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே.

பன்னிரண்டாம் நாள் என்னை அறுத்தார்.
பதறாதீர்கள், அவளைத்தான்.
கழுத்தில் ஒரு கம்பி, இடுப்பில் ஒன்று,
முழங்காலில் ஒன்று.
பூசணியைக் குடைவதுபோல்
மரக்கரண்டியால் உள்ளே வழித்தெடுத்தார்.
"கனத்தாளானால் சூளையில் வெடிப்பாள்."

மூன்று இரவு பாப்ளர் விறகு எரிந்தது.
இடக்கைச் சுண்டுவிரல் ஒன்றுதான் தெறித்தது.
புது மண்ணில் பிடித்து வைத்தார், விழுந்தது.
இன்னொன்று வைத்தார், அதுவும்.
சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதென்று
சட்டி விற்கிறவள்கூடச் சொல்லியிருப்பாள்.
கடைசியில் விரலைத் தனியே சுட்டு,
பாலாடைக்கட்டிப் பசையும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டி,
மேலே வண்ணம் பூசினார்.

புனித வெள்ளியன்று திரையை விலக்கினார்கள்.
ஊரே அழுதது.
பெல்லினோ என் காதருகே குனிந்து
"நம் வீட்டில் தினமும் கேட்கிற சத்தம்தான் இது" என்றான்.
தோளில் அடித்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் காய்ச்சல் வந்தது.
பெல்லினோவுக்கு நாலே நாள்.
அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன்.
நகரத்துக் காவலர்கள் குச்சியால் பிடுங்கி
தெருமுனை நெருப்பில் போட்டார்கள்.
குழிக்கருகே நின்றேன்.
ஒன்றும் வரவில்லை.
"மண் பொம்மைக்கு இருக்கிற ஈரம்
இவளுக்கு இல்லையே" என்று யாரோ சொன்னது
எனக்குக் கேட்கத்தான் சொன்னது.

மாயெஸ்த்ரோ அதற்குள் நேப்பிள்ஸ் போய்விட்டார்,
விறகுக் கடனை வைத்துவிட்டு.

ஒரு நடுப்பகலில் கோயிலுக்குப் போனேன்.
அவள் முன்னால் நின்றேன்.
அந்த வாய்க்குள் இரண்டு விரல் விட்டேன்.
பல்லுக்குப் பின்னால் வண்ணம் இல்லை,
வெறும் சொரசொரப்பு.
தொண்டைக்கு மேலே ஒரு பள்ளம்.
அவர் கட்டைவிரல்.
உள்ளிருந்து அழுத்தி வளைத்த இடம்.
ரேகைகூடத் தட்டுப்பட்டது.
அதற்கடியில் சிலந்தி நூல்,
எந்தப் பொடியனோ எறிந்த ஒரு மொச்சை.
மொச்சையை எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் யாரும் இல்லை.
நானும் வாயைத் திறந்தேன்.
தாடை தன் இடத்தை மறக்கவில்லை,
பதினோரு நாள் பழக்கம்.
சத்தம்தான்,
ஒரு மேசைவிரிப்புக்காக வந்த சத்தம்,
வரவில்லை.