எழுவாய் இல்லாத வாக்கியம்

மொஹந்தி டாக்டருக்கு அவர் போன் தினம் ஒரு சொல் தரும்.
புதன்கிழமை வந்தது டார்க்கிள்.
இருண்டுகொண்டு வருவது என்று பொருள்.
கோரிமேட்டுக் கண் வார்டின் இருட்டறையில்
போன் வெளிச்சம் மூக்கில் விழ
எனக்கு வாசித்துக் காட்டினார்.
முதலில் டார்க்லிங் மட்டும்தான் இருந்ததாம்,
'இருட்டில்' என்கிற அளவுக்கு, சும்மா.
அதன் வாலை யாரோ
வினையின் வால் என்று நினைத்து வெட்டிப் பார்க்க,
வெட்டிய இடத்தில் ஒரு வினைச்சொல்
உயிரோடு கிடந்தது.

"தப்பில் பிறந்த சொல்" என்றார்,
பிறந்தது தன் வீட்டில் என்பதுபோல.
"உங்கள் தமிழில்?"

நான் கண்ணாடிப் பவர் பார்க்கிறவள்.
சொல் கேட்டாலும் பெட்டிக்குள் துழாவத்தான் வரும்:
அந்தி, மசங்கல், கருக்கல்.
கருக்கலை விடியுமுன்னும் போடலாம், பொழுது சாய்ந்தும் போடலாம்,
உள்புறம் வெளிப்புறம் இல்லாத சட்டை.
ஆனால் எல்லாம் பெயர்கள். நின்றுவிட்டவை.
நகர்கிற ஒன்று வேண்டுமென்றால்,
இருட்டுது.
"எது இருட்டுது?"
எதுவும் இல்லை டாக்டர். வெறுமனே இருட்டுது.
உங்களுக்கு முன்னால் ஒரு 'இட்' நிற்க வேண்டும்.
எங்களுக்கு ஆளே வேண்டாம்.

டோக்கன் நாற்பத்தொன்று.
கலியவரதன், ஐம்பத்துமூன்று, பஸ் டிரைவர்.
பாண்டி, கடலூர். கடலூர், பாண்டி.
மோவாயைத் தாங்கியில் வைத்தபடியே சொன்னார்:
"அஞ்சே முக்கால் ட்ரிப்புங்க.
மத்தவங்களுக்கு ரெட்டிச்சாவடியில இருட்டும்.
எனக்குப் போன வருஷம் கிருமாம்பாக்கத்துல இருட்டுச்சு.
இந்த வருஷம் சுண்ணாம்பாத்துப் பாலம் ஏறும்போதே."

கண்டக்டர் முன்னால் வந்து நின்றுகொள்வாராம்.
மாடு, என்பாராம். சைக்கிள், என்பாராம்.
முள்ளோடை ஒயின்ஷாப் விளக்குகள் தெரிந்ததும்
கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமாம்.
கை ஸ்டியரிங்கில் இருக்குமாம்.

நானும் அந்த பஸ்தான். இரண்டு வருஷம்.
பாலத்தில் அவர் மெதுவாகப் போவது
நாங்கள் ஆற்றைப் பார்க்கட்டும் என்று நினைத்திருந்தேன்.

மொழிபெயர்த்தேன், என் பங்கை விட்டுவிட்டு.
"டார்க்கிள் ஆவது வானமா, கண்ணா?" என்றார் டாக்டர்.
கேட்டேன்.
"அது தெரிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்."

சீட்டில் அந்தச் சொல் ஏறியது,
மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக.
மதியம் துறைத் தலைவர் பச்சை மையால் அடித்து
நிக்டலோபியா என்று போட்டார்.
அதில் எதுவும் நகரவில்லை.

மருந்து வரிசையிலிருந்து அவர் திரும்பி வந்தார்.
"மேடம், என்னான்னு எழுதியிருக்கு,
இருட்டிடுச்சுன்னா, இருட்டுதுன்னா?
இருட்டுதுன்னா டெப்போவுல பகல் டூட்டி கேக்கலாம்.
இருட்டிடுச்சுன்னா வீட்டுக்குத்தான்.
சின்னவ இப்பதான் காலேஜ்."

இவ்வளவு நாள் படித்த இலக்கணத்தில்
நிகழ்காலத்துக்குச் சம்பளம் உண்டென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
டாக்டரிடம் போய் நின்றேன்.
கடிதத்தில் இரண்டு வரி வந்தது.
பார்வை இரவில் குறைந்துகொண்டு வருகிறது.
பொழுது சாய்ந்தபின் ஓட்டக் கூடாது.
இரண்டாவதை நான்தான் கேட்டு வாங்கினேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிறார்,
கழுத்தில் விசில்.
அஞ்சே முக்காலுக்கு வேறொரு பையன், பாலத்தில் பறக்கிறான்.
ஆறு தெரிவதே இல்லை.

நேற்று அஞ்சரை இருக்கும்.
செருப்புச் சத்தத்தில் என்னைக் கண்டுகொண்டு,
நோட்டை முகத்தருகே பிடித்தபடி கேட்டார்:
"இருட்டிடுச்சாங்க?"

எதிரே தண்ணீர்த் தொட்டியின் தலையில்
வெயில் இன்னும் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

"இருட்டுது" என்றேன்.

எது என்று அவர் கேட்கவில்லை.