காலிப் பெட்டி

கோட்டூர் யூனியன் ஆபீஸ் மேல்மாடியில்
ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே நெருக்கி உட்கார்ந்தோம்.
புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம் என்றாள் பெனாசிர்.
தெரியாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

திரையில் பெட்டிகள்: ஆறு, மதகு, வாய்க்கால், மழை, வயல்.
விரலால் இழுத்து வைத்து
ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு போட வேண்டும்.
கோட்டைத் தொட்டால் எவ்வளவு என்று கேட்கும்.

எவ்வளவு என்று
எங்களை இதுவரை யாரும் கேட்டதில்லை.

லஸ்கர் வீரையன் மதகுக்கு நாலு திருகு என்றார்,
யோசித்து, மூணரை என்றார்.
தையல்நாயகி தன் எட்டு மா குத்தகையை
ஒரு பெட்டியாக வைத்தாள்.
கடைமடையாச்சே என்று அதைத் திரையின் ஓரத்துக்கு,
இன்னும் ஓரத்துக்குத் தள்ளினாள்.
எங்க வச்சாலும் கணக்கு ஒண்ணுதான்க்கா என்றாள் பெனாசிர்.
இல்ல, என்றாள் தையல்நாயகி.

ஓடவிட்டோம்.
மேட்டூர் திறந்த பதினெட்டாம் நாள்
நீலம் எங்கள் வயலைத் தொட்டது.
யாரும் கை தட்டவில்லை.
நாப்பது நாளாவும்மா என்றார் வீரையன்
பல்லைக் குத்திக்கொண்டே.

வெடித்த மண் குடிப்பதைச் சேர்த்தோம். இருபத்தொன்று.
ஆகாயத்தாமரையைச் சேர்த்தோம். இருபத்தாறு.
அப்புறம் பதினாலு நாள் எங்கே போகிறது?

வழியில வேற என்ன இருக்கு என்று கேட்டாள்.
ஒருவர் ஜன்னலைப் பார்த்தார்.
ஒருவருக்குப் போன் வந்துவிட்டது, மணியடிக்காமலே.

நான் எழுந்து போனேன்.
காலிப் பெட்டி ஒன்றை இழுத்து
மூன்றாவது மைலில் வைத்தேன்.
பெயர் கேட்டது. இரவு என்று எழுதினேன்.
எத்தனை மணி? பத்திலிருந்து நாலு.
என்ன மோட்டார்? ஏழரை எச்பி.
எத்தனை?
மூன்று என்று போட்டேன்.
அழித்துவிட்டு நாலு போட்டேன்.
நாலாவது என் மச்சானுடையது.

மறுபடி ஓடவிட்டோம்.
நீலம் பகலில் நடந்தது, ராத்திரியில் நின்றது,
விடிந்ததும் விட்ட இடத்துக்கும் பின்னாலிருந்து
கிளம்பி வந்தது.
முப்பத்தொன்பது.

ஒரு நாள் இடிக்குதே என்றாள் பெனாசிர்.
அன்னிக்கு நான் தண்ணி வரலன்னு
இங்க மனு குடுக்க வந்திருப்பேன்,
என்றாள் தையல்நாயகி.
அப்போதுதான் அறையே சிரித்தது,
வீரையனைத் தவிர.

சேமிக்கவா என்று கேட்டது திரை.
கீழே ஹாரன் சத்தம். என்னைக் கூட்டிப்போக
மச்சான் வண்டி வந்துவிட்டது.
இன்னொரு தரம் ஹாரன்.
ஆம் என்பதைத் தொட்டுவிட்டு
செருப்பைத் தேடினேன்.