பனி காயும் வரை

துக்குமானில் ஜூலை, காலை ஏழு மணி.
குளிர் நகக்கண்ணில் குடியிருக்கிறது.
ஈரக் காயைப் பறித்தால் தோலில் கறை விழும்,
கறை விழுந்த காய் கப்பல் ஏறாது.
ஆகவே பனி காயும் வரை
தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம்.
எங்களுக்குப் பைக் கணக்கு.
பை ஒன்று இருபது கிலோ.
உட்கார்ந்திருப்பதற்குப் பை கிடையாது.

எல்லார் கையிலும் மாத்தேக் குடுக்கை.
என் மடியில் மட்டும்
இரண்டு லிட்டர் புட்டி நிறைய எலுமிச்சைத் தண்ணீர்.
"நாளெல்லாம் அதன் முள்ளோடு மல்லுக்கட்டுவது போதாதா,
அதையே குடிக்கவும் வேண்டுமா, ஹெனோவேவா?"
ராமோனா கேட்கிறாள். தீ சிரிக்கிறது.

போன அறுவடையில், ஏணியின் ஆறாம் படியில்,
இடுப்பிலிருந்து தொடைக்கு யாரோ
பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தார்கள்.
மூன்று பெற்றவள் நான்.
மூன்றும் ஒரே நாளில் திரும்பப் பிறந்தாலும்
அவ்வளவு இருக்காது.
கடைசியில் வெளியே வந்தது
மிளகில் பாதி.
தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்,
குலுக்கினால் சத்தம்கூட வராது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?"
ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரம்மா கேட்டார்.
நான் பதில் சொல்லவில்லை.
எப்படிச் சொல்வது?
குடித்தால் ஒதுங்க வேண்டும்.
ஒதுங்க ஏழு வரிசை தாண்டி ஓடை வரை போக வேண்டும்.
போய் வந்தால் ஒரு பை குறையும்.
பதினோரு வருஷம் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு
பை பையாக நிரப்பியிருக்கிறேன்.
அதில் ஒன்றை எனக்குள்ளேயே கட்டி வைத்திருந்தேன் போல.

பஸ்ஸில் பொடி விற்கும் மிர்த்தா சொன்னாள்:
வெறும் வயிற்றில் எலுமிச்சை,
கொழுப்பு வெண்ணெயாய் உருகும்,
ஈரலைக் கழுவி உலர்த்தும்,
முகம் கண்ணாடியாகும்,
கோபம்கூடத் தணியும்.
நாற்பது நாள் குடித்துப் பார்த்துவிட்டேன்.
இடுப்பு அதே பாவாடைக்குள்தான்.
கோபம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது.

டாக்டரம்மா அவ்வளவெல்லாம் சொல்லவில்லை.
உள்ளே இருக்கும் கல் கரைந்துவிடாது,
புதிதாய்க் கட்டாமல் இருக்க உதவலாம்.
சிட்ரேட் என்று ஒரு பெயர்.
சீட்டில் எழுதியதையே அடிக்கோடிட்டார்:
தண்ணீர்.
எலுமிச்சை அதைக் குடிக்க வைக்கும் சாக்கு
என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் வாரம் பல் கூசியது,
ரொட்டியைக் கடித்தால் தலைக்குள் மின்னல்.
மாத்தே உறிஞ்சும் உலோகக் குழலை
புட்டிக்குள் விட்டேன்.
இப்போது புளிப்பு பல்லைத் தொடாமல்
முதலாளி வீட்டுப் பின்வாசல் வழியாகப் போவதுபோல்
நேரே தொண்டைக்குப் போகிறது.

தோட்டத்துக் காயை எடுக்க முடியாது.
கேட்டில் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.
தாஃபி வியேகோ கடையில்
கிலோவுக்குக் காசு கொடுத்து வாங்குகிறேன்.
நான் பறித்ததாகவும் இருக்கலாம்.
முகர்ந்து பார்த்தேன், தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

எட்டரை. இலை நுனியில் இன்னும் ஈரம்.
புட்டியில் பாதி காலி,
வயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது.
ராமோனா தன் போன்சோவைக் கழற்றினாள்.
"ஓடை வரை எதற்கு?" என்றாள்.
இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.
இரண்டு மரங்களுக்கு நடுவே
கம்பளித் திரை ஐந்து,
சிவப்பு, சாம்பல், ஓட்டை விழுந்த பச்சை,
முதுகு காட்டி நின்றார்கள் ஐவரும்.

கணக்குப்பிள்ளை ஓல்மெதோ விசில் ஊதினான்,
பனி காய்ந்துவிட்டதாம்.
"காயட்டும்" என்றாள் ராமோனா திரும்பாமலே.
பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்,
"அந்தப் புட்டியை இப்படிக் கொடு.
குழலைத் துடைத்தாயா?"