அரைப்புள்ளி

கீரனூரில் பஞ்சர்.
விடிகாலை நாலே முக்காலுக்குக் காரைக்குடி வரவேண்டிய பெட்டி
எட்டரைக்கு வந்து இறங்கியது,
பஸ் கூரையிலிருந்து, முருங்கைக்காய்க் கட்டுக்கு அடியிலிருந்து.
"உயிருள்ள பொருள்" என்று சென்னையில் ஒட்டிய சீட்டு
பாதி கிழிந்து "உயிரு" வரைக்கும் இருந்தது.

தெர்மாகோல் மூடியைத் திறந்தேன்.
உலர்பனி இல்லை.
ஐஸ் வண்டி போனபின் பிள்ளையின் உள்ளங்கையில் இருப்பதுபோல்
ஒரு குளிர் மட்டும்.
அதில் ஒரே ஒரு குப்பி,
சுண்டுவிரல் நகத்தளவு திரவம்,
ஏற்கெனவே இளகியது.

கல்லூரிச் சாலையில் ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள்.
கழனிவாசல் முக்கில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.
நானும் கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எண்ணுவது உமையாள்.
எங்கள் ஆய்வுக்கூடத்தில்
கை நடுங்காத ஒரே ஆள்.
முப்பத்திநாலு வயது. "ஆச்சி" என்றால் முறைப்பாள்.

ஒரு சொட்டு செல், ஒரு சொட்டு டிரைபான் நீலம்.
செத்தது நீலத்தைக் குடித்துவிடும்.
உயிருள்ளது வேண்டாம் என்று சொல்லிவிடும்.
சோதனை இவ்வளவுதான்:
இன்னும் மறுக்கத் தெரிகிறதா?

கண்ணாடியில் கீறிய சதுரங்கள்.
மேல்கோட்டில் உட்கார்ந்ததைச் சேர்,
இடக்கோட்டில் இருப்பதைச் சேர்,
கீழும் வலமும் விட்டுவிடு.
ஒன்றை இரண்டுமுறை எண்ணாதிருக்க
யாரோ வகுத்த வழக்கம்.

"போன மாசம் எங்க கோயில்ல கணக்கெடுத்தாக,"
என்றாள், கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல்.
டிக்.
"புருசனும் பொஞ்சாதியும் சேந்து ஒரு புள்ளி."
டிக். டிக்.
"அவுக போனதுலேர்ந்து நான் அரைப்புள்ளி.
வரியும் பாதிதான். லாபம் பாரு."
டிக்.
நீலத்துக்கு வேறு எண்ணி, வேறு கை.
அது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது.
கொரியாவில் ஒரு குழு.
சாகப்போகும் செல்லுக்குப் பக்கத்துச் செல்
மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி
தன் மைட்டோகாண்ட்ரியாவைக் கொடுக்கிறதாம்.
பன்னிரண்டு பக்கம், நாற்பத்தோரு படம்.
என் நாலு வருடம்,
அச்சாகி, அழகாக,
வேறு யார் யார் பெயரிலோ.

பேராசிரியர் தமயந்தி முழுக்கப் படித்தார்.
"நாம கேட்டது சரியான கேள்வின்னு ஆச்சுல்ல," என்றார்.
மதியம்வரை அவர் அறைக்கதவு திறக்கவில்லை.
எனக்குப் புதுவயல் பஸ் ஏறி
வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றியது.

உமையாள் படம் படமாகத் தள்ளிப் பார்த்தாள்.
"வாங்குனது பொழச்சுக்கிச்சு.
கொடுத்தது?"
"என்ன?"
"கொடுத்த செல்லு என்ன ஆச்சு?
இதுல போடலயே."

தேடினேன். பின்னிணைப்பிலும் தேடினேன்.
போடவில்லை.

நீலம் நூற்று அறுபத்து மூன்று.
தெளிவு நாற்பது.
கடைசிச் சதுரத்தின் இடக்கோட்டில் இன்னும் ஒன்று,
நீலமும் இல்லை, தெளிவும் இல்லை,
சலவைக்குப் போட்ட வேட்டியின் நிறத்தில்.
"இதை எதுல சேக்குறது?
பேசாம அரை போட்டுரலாமா?" என்றேன்.
கேட்டபின்தான் காதில் விழுந்தது நான் கேட்டது.

அவள் நிமிரவில்லை.
உயிர் எண்ணியில் விரலை வைத்து
முழுசாக ஒரு டிக்.
நோட்டில் நாற்பத்தொன்று.
தேதி, கையெழுத்து.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொண்டபோது
தட்டை நுண்ணோக்கிக்குக் கீழ் வைத்தேன்.
ஒட்டிப் பிடித்திருந்தன, கொஞ்சம்.
இரண்டுக்கு நடுவே
இருக்கிறதா இல்லையா என்று ஓர் இழை.
அதில் சிவப்புச் சாயம் ஏற்றிய துளி
நகர்ந்தது. நின்றது.
நகர்ந்தது.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை.
அது எழுதப்பட்டுவிட்டது.
நான் இழையின் இந்த முனையை,
கொடுத்ததை,
பார்த்துக்கொண்டிருந்தேன்.