வெளியேறும் வழி

இரண்டு வருடம் காத்திருந்த விளையாட்டு.
தொண்ணூற்றாறு ஜிபி இறங்கி முடிய
வெள்ளி இரவு பதினொன்றே கால்.
சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றி வாங்கியிருந்தேன்,
ஃபரீதாவுக்கு இரண்டு லக்சா கடன்.

விளக்கை அணைத்தேன்.
எதிர் பிளாக்கின் தாழ்வார விளக்குகள் மட்டும்
பதினோராம் மாடி ஜன்னலில் வரிசையாக.

சிங்கப்பூர், இன்னும் நூற்றெழுபது வருடம் கழித்து.
கடல் ஏறி வந்துவிட்டது.
சிராங்கூன் சாலையில் படகு போகிறது.
கயிற்றில் தொங்கி இறங்குகிறாள் ஒருத்தி,
மூழ்கிய எம்ஆர்டி நிலையத்துக்குள்.

அந்த மழையை என்னவென்று சொல்ல!
தகரத்தில் விழுகிற துளிக்கு ஒரு சத்தம்,
தேங்கிய நீரில் விழுவதற்கு வேறொன்று.
உடைந்த கட்டண வாயில் மேல் ஒரு மைனா
ஒற்றைக் காலில் நின்று தலை சொறிகிறது.
இதை வரைந்தவன் ஈசூனில்
பஸ்ஸுக்குக் காத்து நின்றவனாக இருக்க வேண்டும்.
அவள் மூச்சுக்கு என் தோள் ஏறி இறங்கியது.
நனைந்துவிடுமென்று
காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டேன்.

தவறுகளை மன்னிக்கிறவள்தான் நான்.
அவள் கை கதவுக்குள் புகுந்து வந்ததைப்
பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்தேன்.
நம்புவதற்கென்று வந்துவிட்டு
பேரம் பேசக் கூடாது.

பிறகு கேமரா மெல்லத் திரும்பிச்
சுவரில் ஒரு பலகையைக் காட்டுகிறது.
ஆங்கிலம் சரி. மலாய் சரி.
சீனம், எனக்குத் தெரிந்தவரை, சரி.
நாலாவது வரி:

வ ◌ெளிய ◌ேறும வழ ◌ி

முன்னால் நிற்க வேண்டிய கொம்பு
க்யூ தெரியாத ஆள்போல் பின்னால் நிற்கிறது.
மகரத்தின் புள்ளியை வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம்.
இடையிடையே புள்ளிபுள்ளியாய் வட்டங்கள்,
சாப்பிட ஆள் வராத தட்டுகள்.
மைனாவின் இறகுக்கு ஒரு குழுவே வைத்தவர்கள்
இதற்கு யாரையாவது கேட்டிருக்கலாம்.
என்னைக் கேட்டிருக்கலாம். சும்மாவே சொல்லியிருப்பேன்.

அவ்வளவுதான்.
ஹெட்ஃபோனைத் தாண்டி ஃபிரிட்ஜ் உறுமியது.
சோபா சோபாவாயிற்று. கால் காய்ந்தே இருந்தது.
வாசிக்க முடியாத அந்தப் பலகை
தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது:
நான் வெளியேறியிருந்தேன்.

அவள் மட்டும் அங்கேயே.
முகத்து நீரை வழிக்கிறாள், கால் மாற்றி நிற்கிறாள்.
பொத்தானை அழுத்தாவிட்டால்
விடியும்வரை இதையேதான் செய்வாள்.
தொடக்கப்பள்ளியில் ஒப்பித்தது:
உயிர் தனி, மெய் தனி, கூடினால் உயிர்மெய்.
பலகையில் மெய் கிடைக்காமல்
வெற்று வட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறது ஓர் உயிர்க்குறி.
மழையில் ஒரு மெய். இங்கே நான்.
நான்கு நிமிடம் சேர்ந்துதான் இருந்தோம்.

ஜுன் வெய் அழைத்தான்.
"எங்கே இருக்கிறாய்?
நான் இரண்டாவது பாஸிடம் செத்துக்கொண்டிருக்கிறேன்."
"போர்டு பக்கத்தில்."
"எந்த போர்டு?"
தொடக்கத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு
"அழகாகத்தானே இருக்கிறது" என்றான், மனதாரவே.
சீனத்தில் ஒரு கோடு குறைந்திருந்தால்
நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

துப்பாக்கி கிடைத்ததும் திரும்பி வந்து
பலகையைச் சுட்டேன்.
ஆறு குண்டு. ஒரு கீறல் இல்லை.
தூண் பெயர்கிறது, கண்ணாடி நொறுங்குகிறது,
மைனாகூடப் பறந்துவிட்டது.
அதை மட்டும்
அழியாதபடி செய்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை, வேலைக்குப் போகும் வழியில்,
புவாங்கோக் நிலையத்தின் பெயர்ப்பலகை.
பு. வா. ங். கோ. க்.
கொம்பு முன்னால், கால் பின்னால்,
புள்ளி இரண்டும் அதனதன் தலையில்.
எல்லாம் சரி.
கதவு திறந்தது.
எதற்கும் இன்னொரு முறை
வாசித்துக்கொண்டிருந்தேன்,
ரயில் போய்விட்டது.