இருநூறு பாகை

கையைத் தூக்கு என்றால்
என் வயதுக்காரருக்கு வேறு ஞாபகம் வரும்.
துவாரகேஷுக்கு ஆறு வயது.
மயக்க மருந்தில் கிடக்கிறான்,
இரு கையும் தலைக்கு மேலே,
மணிக்கட்டில் மெல்லிய துணிப் பட்டி.
கமெராக் கை சுற்றும்போது
இடிபடக் கூடாது, அவ்வளவுதான்.

காலையில் அவன் தாய் கேட்டாள்:
"மிஸ், பேரிலயே துவாரம் வெச்சிட்டமோ?"
வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.
துவாரத்தை அவனுடைய இரண்டு வயதில்
கொழும்பில் தைத்தாயிற்று,
இது வேறு, இடது நுரையீரலுக்குப் போகும்
குழாயில் ஒரு ஒடுக்கம் என்றேன்.
அவள் தலையாட்டியது
மகனின் பேரை மன்னித்தது போல இருந்தது.

தொடை நாளத்தால் ஏறிய வயர்
இதயத்துக்குள் வளைந்து நிற்கிறது.
முதல் படம் தட்டை.
இரண்டாவதும் தட்டை.
குழாயின் மேல் குழாய், நிழலின் மேல் நிழல்.
எங்கே ஒடுங்குகிறது, எங்கே விரிகிறது,
ஆளுக்கொரு இடம் காட்டினோம்.
டொக்டர் றிஸ்மினா ஈயச் சட்டையின் பட்டியை
இன்னொரு முறை இறுக்கினார்.
"சுத்துவம்," என்றார்.

வாவியில் தோணியிலிருந்து
கல்லடிப் பக்கம் பார்த்தால்
பழைய பாலமும் புதிய பாலமும் ஒரே பாலம்.
இரும்பு எது, கொங்கிறீட் எது, பிரியாது.
தோணி கொஞ்சம் விலகட்டும்,
நடுவில் வானம் ஒரு கீற்றுத் திறக்கும்.
இப்படித்தான் என் வேலையை
வீட்டில் என் மனிசனுக்கு விளக்கினேன்.
"அப்ப நீ தோணிக்காரி," என்றுவிட்டு
சோற்றைப் பிசைந்தார்.

எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால்.
மூச்சை நிறுத்தினார்கள்.
பேசரை விரட்டிவிட்டார்கள்.
அளவுக்கு மிஞ்சித் துடிக்கும் இதயம்
காற்றை இழுத்த வாட்டர் பம்ப் மாதிரி
நடுங்கும், இறைக்காது.
அந்த அசையாமைக்குத்தான் இவ்வளவும்.
அழுத்தக் கோடு சரிந்தது.
சாயம் பாய்ந்தது.
பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
விரலை எடுத்தால் எல்லாம் வீண்,
கமெரா அவனைச் சுற்றிப் போனது,
ஒரு தோளின் கீழிருந்து நெஞ்சுக்கு மேலாய்
மற்றத் தோளின் கீழ் வரை,
இருநூறு பாகை, ஐந்து செக்கன்.
நான் எண்ணுவதில்லை. எண்ணினால் நீளும்.

மூச்சு.
துடிப்பு.
கோடு நிமிர்ந்தது.

கம்பியூட்டர் யோசிக்கும் நேரம்
ஜெனரேட்டர் அறைப் பக்கம் எனக்கு ஒரு காது.
பிறகு வந்தது,
கறுப்பு வெளியில் மிதந்துகொண்டு,
அப்போதுதான் பிடுங்கிய மரவள்ளி போல
கிளைவிட்டு, முறுகி.
மவுஸால் திருப்பலாம், கவிழ்க்கலாம்,
அவன் முதுகுப் பக்கம் நின்று
நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

ஒடுக்கம் வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.
மூன்றரை மில்லிமீற்றர்.
நர்ஸ் ஸ்டென்ட் பெட்டியை உடைக்கப் போனாள்.
"பொறுங்க," என்றார் டொக்டர்.
"காத்துப் போற வழியையும் காட்டுங்க."
மூச்சுக்குழாயை நீலத்தில் கொண்டுவந்தேன்.
அது ஒடுங்கிய இடத்தின் அடியிலேயே கிடந்தது,
ஒரே பாயில் ஒட்டிப் படுத்த தம்பி மாதிரி.
மேலே விரித்தால் கீழே நசியும்.
திருப்பினேன். இன்னும் திருப்பினேன்.
பாலங்களுக்கு நடுவே வானம் இருக்கிறது.
இங்கே ஒரு நூல் கூட இல்லை.

வயரை உருவினார்கள்.
தொடையில் பதினைந்து நிமிடம் கையால் அழுத்தினார்கள்.
உடைக்காத பெட்டி அலமாரிக்குப் போனது.

வெளியே அவள் எழும்பினாள்.
"போட்டாச்சா மிஸ்?"
போடவில்லை, கொழும்பில் நெஞ்சைத் திறந்துதான்
செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார்,
நிதானமாக, இரண்டு முறை.
"அப்ப இண்டைக்கு என்னதான் செஞ்சீங்க?"
அவள் கேட்டது என்னை.

வழக்கமில்லாத வேலை, ஆனாலும்
அவளைத் திரைக்கு முன் இருத்தி
மவுஸைக் கையில் கொடுத்தேன்.
மீன் வாங்கும்போது செவுள் பார்ப்பவள் போல
மெதுவாகப் புரட்டினாள்,
ஒடுங்கிய இடம் வந்ததும் நிறுத்தினாள்,
நான் காட்டவே இல்லை.

"இதுக்குள்ளாலயா மிஸ்,"
என்றாள்,
"இவன் இவ்வளவு ஓடித் திரியிறான்?"