துண்டுக்கு அடியில்

ஊருக்குச் சாரல் என்றால் சீசன்.
எங்கள் சங்கத்துக்குச் சாரல் என்றால்
இரண்டாம் அலமாரிப் புத்தகங்களின் முதுகில்
பூக்கிற பச்சை.
ஆரியங்காவுக் கணவாய் வழியே
ஆனிக் காற்று வரும்போதெல்லாம்
மேற்கு ஜன்னலைச் சாக்கு வைத்து அடைக்கிறவன் நான்,
செங்கோட்டை அறிவு விருத்திச் சங்கத்தின் பொருளாளன்.
சம்பளம் கிடையாது; சாவி உண்டு.

இந்த வருடம் ஒரு பட்டியல் அடித்தோம்:
‘ஒரு நூலின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.’
சென்னைக் கண் டாக்டர் சோதிடத்தை எடுத்துக்கொண்டார்,
புனலூர் ரப்பர்க்காரர் தோல் அட்டை நிலப்படத்தை.
வைத்தியச் சுவடிக்கு மூன்று பேர் போட்டி.
நாற்பத்தாறாம் எண்ணை யாரும் கேட்கவில்லை:
மாட்டு வியாதிகளுக்கான கைப்புத்தகம்,
கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தேழு,
விலை எட்டுச் சக்கரம்,
செப்பனிட நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

அதற்குத்தான் வந்தார்
மாட்டுத் தரகர் காட்டுவா ராவுத்தர்.
சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தெருவில் போன பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அட்டையைத் தூக்கவில்லை அவர்.
இரு விரலால் பக்கவாட்டில் பிளந்து
உள்ளே பார்த்தார், பல் பார்ப்பது போல.
‘தேய்ஞ்சிட்டு. ஆனா நிக்கும்.’

பிறகு தோள் துண்டை எடுத்து
என் வலது கைமேல் போட்டார்.
அடியில் அவர் விரல்கள் என் விரல்களைத் தேடின.
எனக்கு அந்த மொழி தெரியாது.
நடுவிரல் வரை பற்றி அழுத்தினார்;
மூன்றோ, முப்பதோ, மூவாயிரமோ.
கூச்சத்தில் நான் கையை அசைக்க,
அதை மறுப்பென்று எடுத்துக்கொண்டு
இன்னும் ஒரு விரல் சேர்த்தார்.

‘ஒரு கணக்குதான் புரியல.
சுழி தப்பின மாடு, கொம்பு உடைஞ்ச மாடு,
பழுதுக்குத் தக்க விலை இறங்கும்.
உங்க சந்தையில
பழுது கூடக்கூட விலை ஏறுதே?’

திருவனந்தபுரத்திலிருந்து ரயிலேறி வந்து
பூச்சி தின்ற தாளுக்கு வைத்தியம் பார்க்கும் பிரசீதா
நிமிர்ந்து பதில் சொன்னார்:
தாளின் புளிப்பு முறியச் சுண்ணாம்பு நீர்,
பிறகு ஜப்பான் தாள், மாவுப் பசை.
‘சுண்ணாம்பு சரி’ என்றார் ராவுத்தர்,
‘குளம்புப் புண்ணுக்கு நாங்களும் போடுவோம்.’

கோமாரிப் பக்கத்தைக் காட்டச் சொன்னார்.
பக்கம் இருந்தது.
‘கண்டவுடன் முதலில் செய்ய வேண்டியது’
என்பதற்கு அடுத்து
ஒரு விரல் நுழையும் துளை.
தாளைத்தான் நிரப்புவேன்,
சொல்லை இட்டுக்கட்ட மாட்டேன் என்றார் பிரசீதா.
ராவுத்தர் அந்தத் துளை வழியே
அடுத்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
‘புளியரை செக்போஸ்ட்ல
ஒருக்க ரெண்டு நாள் லாரி நின்னுது.
பதினொண்ணு’ என்றார்.
அவ்வளவுதான்.

படிவத்தில் ‘யார் நினைவாக’ என்ற கோட்டைத்
தாண்டிப் போய்க் கையெழுத்திட்டார்.
ஐந்நூறு அச்சாரம்; மீதி, புதன் சந்தை கழிந்து.
புத்தகம் இங்கேயேதான் இருக்கும்,
வீட்டுக்குத் தர மாட்டோம் என்று
விதியை வாசித்தேன்.
‘நாப்பது வருசமா கை மாத்தி விடுறேன்.
ஒரு மாடும் என் தொழுவத்துல நின்னதில்ல.’

வியாழக்கிழமை மீதிப் பணத்தோடு
ஒரு நூல்கண்டும் வந்தது.
விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான்,
வாங்கினவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டுமாம்.
பிரசீதா ஓர் இழையை இழுத்து, நனைத்து, முகர்ந்து
இது தைக்க ஆகாது என்றார்.
அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பழைய தையலை உருவிப் போட்டபோது
பழுப்பாய் ஒரு முழம்கூட இல்லை.
எதையும் விற்காத நான்
அதை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
சாவிக்குப் பக்கத்தில்.